உப்பு நீரில் உயிர்களும் அவற்றின் பகைவர்களும்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம்மவர் பழமொழி. சுவைக்கு மட்டுமன்றிப் பாதுகாப்பிற்கும் உப்பையே நாம் நம்பி வந்திருக்கிறோம். மீனை உப்பிட்டுக் கருவாடாக்குகிறோம். மாங்காயையும் எலுமிச்சையையும் உப்பில் ஊறவைத்து ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கிறோம். அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் உப்பில் வாழமாட்டா என்பதே இவற்றிற்கெல்லாம் அடிப்படை. மிகுந்த உப்பு, நுண்ணுயிரின் உடலிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடுகிறது. நீரிழந்த உயிர் மடிந்துவிடுகிறது. ஆகவே உப்புச் செறிந்த நீரில் உயிரே இராது என்று முன்னோர் எண்ணியதில் வியப்பில்லை. பாலஸ்தீனத்து உப்பு ஏரிக்குச் ‘சாக்கடல்’ என்று பெயர் வந்ததும் இதனால்தான்.

ஆனால் இயற்கை இவ்விதிக்கும் ஒரு விலக்கு வைத்திருக்கிறது. உப்பில் சாகாமல் இருப்பது மட்டுமன்று, உப்பு இல்லாவிட்டால் சாகின்ற உயிர்களும் உலகில் உள்ளன. அவ்வுயிர்களைப் பிடித்து வாட்டும் வைரஸ்களும் உள்ளன. இவ்விரண்டின் உறவைப் பற்றியே இங்கு நாம் சிந்திக்கப் போகிறோம். உப்புக் குட்டையில் நிகழும் கண்ணுக்குத் தெரியாத இப்போராட்டத்திற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். அக்கேள்விக்குரிய விடை மருத்துவமனை வரையில் நம்மை அழைத்துச் செல்லும் என்பதை முடிவில் காண்போம்.

செந்நிற நீர்

பிழைப்பின் பொருட்டும் பணியின் பொருட்டும் தமிழகத்தை விட்டுப் பல மாநிலங்களில் குடியேறியுள்ள நம் மக்களில் பலர் இவ்வுயிர்களின் இருப்பிடங்களுக்கு அருகிலேயே வாழ்கின்றனர். நாட்டின் உப்பில் மிகப் பெரும்பகுதியை விளைவிப்பது குஜராத். அங்குக் கட்ச் பகுதியின் சிறிய ரண்ணில் அகரியா மக்கள் நிலத்தடி உவர்நீரை இறைத்துப் பாத்திகளில் காய்ச்சுகின்றனர். ராஜஸ்தானத்தில் உள்ள சாம்பர் ஏரி உள்நாட்டு உப்பு ஏரிகளுள் புகழ்பெற்றது. தூத்துக்குடியிலிருந்து சென்றவர்க்கோ உப்பளம் புதிதன்று. இவ்விடங்களில் எல்லாம், நீர் வற்றி உப்புப் பூக்கும் தறுவாயில் பாத்தி நீர் இளஞ்சிவப்பாகவும் சில வேளைகளில் செந்நிறமாகவும் மாறுவதைக் காணலாம். அந்நிறம் மண்ணின் நிறமன்று, உயிரின் நிறம்.

மகாராஷ்டிரத்தில் புல்டாணா மாவட்டத்திலுள்ள லோணார் ஏரியை அறியாதார் அங்கு வாழும் தமிழருள் சிலரே இருப்பர். விண்கல் விழுந்து உண்டான பள்ளத்தில் அமைந்த உவர்நீர் ஏரி அது. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவ்வேரி முழுவதும் இளஞ்சிவப்பு நிறமடைந்தது. மக்கள் திகைத்தனர்; பலவாறு பேசினர். புனேயிலுள்ள அகர்கர் ஆராய்ச்சி நிலையத்தார் நீரைச் சோதித்து, உப்பை விரும்பும் ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்களே இந்நிறத்திற்குக் காரணம் என்று கண்டனர். கோடையில் நீர் வற்றி உப்பு மிகுந்தபோது அவை பெருகின. மழை பெய்து நீர் தணிந்ததும் நிறமும் மங்கியது.

இச்செந்நிறம் உப்பளத்தார்க்கு நன்மையே செய்கிறது. சிவந்த நீர் சூரிய வெப்பத்தை மிகுதியாக ஏற்று விரைவில் ஆவியாகிறது. உப்பு விரைவில் விளைகிறது. தக்காளிக்கும் காரட்டுக்கும் நிறந்தரும் பொருள்களின் இனத்தைச் சேர்ந்த ஒரு நிறப்பொருளே இவ்வுயிர்களிலும் உள்ளது. கடும் வெயிலின் தீங்கிலிருந்து அது அவற்றைக் காக்கிறது. ஆயின் மீனுக்கு உப்பிடுவோர்க்கு இவ்வுயிர் வேண்டாத விருந்தாளி. உப்பிட்ட மீனிலும் தோலிலும் சிவப்புப் படர்ந்து பாழாக்குவது இதுவே. நார்வே, கனடா முதலிய நாடுகளின் மீன் வாணிகர்க்கு இதனால் விளைந்த இழப்பே, விஞ்ஞானிகள் இவ்வுயிரை ஆராயத் தொடங்கியதற்கு ஒரு பெருங்காரணம் எனலாம்.

உப்பை உண்டு வாழும் விதம்

கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. உப்புப் படியும் நிலையிலுள்ள பாத்தி நீரில் அதைப்போல ஏறக்குறையப் பத்து மடங்கு உண்டு. அத்தகைய நீரில் இவ்வுயிர்கள் எப்படி வாழ்கின்றன?

வெளியே எவ்வளவு உப்போ, அதற்கு ஈடாக உள்ளேயும் உப்பை நிரப்பிக் கொள்வதே அவை கண்ட வழி. வெளியிலிருப்பது பெரும்பாலும் சோடிய உப்பு. உள்ளே அவை சேர்ப்பது பொட்டாசிய உப்பு. இருபுறமும் சமமாக இருப்பதால் உள்ளிருக்கும் நீர் வெளியே இழுக்கப்படுவதில்லை. ஆனால் சாதாரண உயிர்களின் புரதங்கள் அவ்வளவு உப்பில் ஒன்றோடொன்று ஒட்டித் திரிந்து பயனற்றுப் போகும். பாலில் எலுமிச்சம் சாறு பிழிந்தால் திரிவதுபோல என்று கருதலாம். இவ்வுயிர்களின் புரதங்களோ மேற்பரப்பெங்கும் அமிலத்தன்மை வாய்ந்த கூறுகளை மிகுதியாகக் கொண்டவை. அக்கூறுகள் நீரையும் உப்பையும் தம்மோடு பிடித்து வைத்துக்கொண்டு, புரதம் திரியாமல் காக்கின்றன. இந்த ஏற்பாட்டிற்கு ஒரு விலையும் உண்டு. உப்புக் குறைந்த நீரில் இப்புரதங்கள் குலைந்துவிடுகின்றன. நன்னீரில் இட்டால் உயிரே வெடித்துச் சிதறிவிடுகிறது. நமக்கு உயிர் தரும் மழைத்துளி அவற்றிற்கு எமன்.

சாக்கடலிலும் உயிர் உண்டு என்பதை 1936-ஆம் ஆண்டில் முதன்முதலாக நிறுவிக் காட்டியவர் பெஞ்சமின் வொல்கானி என்னும் விஞ்ஞானி. 1980-ஆம் ஆண்டில் வால்ஸ்பி என்ற ஆங்கில ஆராய்ச்சியாளர், சினாய்த் தீபகற்பத்தின் உப்புக் குட்டை ஒன்றிலிருந்து சதுர வடிவமான நுண்ணுயிர் ஒன்றைக் கண்டு உலகை வியக்க வைத்தார். தபால் தலையைப் போல மெலிந்து தட்டையாக, நேர்கோட்டு விளிம்புகளுடன் அது மிதந்தது. ஆய்வுக்கூடத்தில் அதனைத் தனியே வளர்ப்பதற்கு 2004-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. உலகின் பல உப்பளங்களில் மிகுதியாக வாழும் உயிர் இச்சதுர உயிரே என்பது பின்னர்த் தெரிந்தது.

இவையெல்லாம் பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தவை என்றே நெடுங்காலம் கருதப்பட்டன. 1977-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் என்னும் இருவரும் ஓர் உண்மையை வெளியிட்டனர். எல்லா உயிர்களிலும் புரதம் செய்யும் சிறு பட்டறை ஒன்று உண்டு. அதன் உறுப்பாகிய ஓர் அமிலத்தின் எழுத்து வரிசையை ஒப்பிட்டுப் பார்த்ததில், பாக்டீரியாக்களைப் போலத் தோன்றும் சில நுண்ணுயிர்கள் உண்மையில் பாக்டீரியாக்களே அல்ல. தனியொரு குலத்தைச் சேர்ந்தவை என்று தெரியவந்தது. அக்குலத்திற்குப் பின்னர் ஆர்க்கியா என்ற பெயர் நிலைத்தது. தொன்மை என்பது அச்சொல்லின் பொருள். உப்பை விரும்பும் நம் செந்நிற உயிர்கள் இக்குலத்தவை. முன்னரே வழங்கிய ‘ஹாலோபாக்டீரியம்’ என்ற பெயர் மட்டும், குலம் மாறிய பின்னும் மாறாமல் இருந்து வருகிறது.

வைரஸ் என்னும் விருந்தாளி

இனி, இவற்றைத் தாக்கும் வைரஸ்களைப் பார்ப்போம். வைரஸ் தானாக உண்பதில்லை, தானாகப் பெருகுவதுமில்லை. பரம்பரைச் செய்தி எழுதிய ஒரு நூலிழையும், அதைச் சுற்றிப் புரதத்தாலான ஓர் உறையுமே அது. உயிருள்ள உடலணு ஒன்றினுள் தன் நூலிழையைச் செலுத்தி, அவ்வணுவின் கருவிகளைக் கொண்டே தன்னைப்போல் பல படிகளைச் செய்துகொள்கிறது. பிறர் வீட்டு அடுப்பில் தன் சோற்றைப் பொங்கிக்கொள்ளும் விருந்தாளி என்று சொன்னால் மிகையாகாது. விருந்து முடிந்ததும் வீட்டை இடித்துவிட்டு வெளியேறுவது பல வைரஸ்களின் வழக்கம்.

மனிதரையும் விலங்குகளையும் பயிர்களையும் போலவே நுண்ணுயிர்களையும் வைரஸ்கள் தாக்குகின்றன. 1896-ஆம் ஆண்டில் ஆக்ராவில் பணியாற்றிய ஹாங்கின் என்பவர், கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமிகள் விரைவில் மடிவதைக் கண்டு எழுதினார். அதன் காரணம் அப்போது விளங்கவில்லை. 1915-இல் இங்கிலாந்தில் ட்வார்ட் என்பவரும், 1917-இல் பிரான்ஸில் தெரெல் என்பவரும் பாக்டீரியாவை அழிக்கும் வைரஸ்களைக் கண்டறிந்தனர். பாக்டீரியாவை உண்பது என்ற பொருளில் அவற்றிற்குப் பாக்டீரியோஃபேஜ் என்று பெயர் வந்தது.

உப்பு விரும்பும் உயிர்களுக்கும் அத்தகைய பகைவன் உண்டென்று 1974-ஆம் ஆண்டில் நார்வே நாட்டின் பெர்கன் நகர ஆராய்ச்சியாளர்களான டார்ஸ்விக்கும் டுண்டாஸும் அறிவித்தனர். தலையும் வாலும் கொண்ட அவ்வைரஸை அவர்கள் பாக்டீரியோஃபேஜ் என்றே அழைத்தனர். ஆர்க்கியா என்ற குலமே அறியப்படாத காலம் அது. சில ஆண்டுகள் கழித்து அவ்வுயிர் பாக்டீரியா அன்று என்று தெளிந்தபோது, தாம் கண்டது ஆர்க்கியாவின் வைரஸ் என்பது விளங்கிற்று. வீட்டுக்காரரின் குலம் இன்னதென்று அறியுமுன்பே விருந்தாளி அகப்பட்டுவிட்டார்!

அடுத்த ஆண்டுகளில் மேலும் பல வைரஸ்கள் அகப்பட்டன. ஜமெய்க்கா தீவின் உப்புக் குளங்களில் சில கிடைத்தன. ஜெர்மனியில் சில்லிக் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் வளர்த்து வந்த ஹாலோபாக்டீரியம் திடீரெனக் கரைந்து மடிந்தது. அதற்குக் காரணமான வைரஸை 1982-இல் அவர்கள் விவரித்தனர். அதே ஆண்டில் புளிக்க வைத்த மீன்சாற்றிலிருந்தும் இத்தகைய வைரஸ்கள் பிரித்தெடுக்கப்பட்டன. உப்பு எங்கே குவிகிறதோ அங்கே உப்பு விரும்பும் உயிரும், அவ்வுயிர் எங்கே வாழ்கிறதோ அங்கே வைரஸும் இருக்கும் என்பது புலனாயிற்று.

மழைக்குக் காத்திருக்கும் பகைவன்

இவ்வைரஸ்களைப் பற்றி அறியப்பட்ட செய்திகளுள் மிகச் சுவையானது மழையைப் பற்றியது.

நார்வேக்காரர்கள் தாம் கண்ட வைரஸை வெவ்வேறு அளவு உப்பு நீரில் வைத்துச் சோதித்தனர். உப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு இருந்த நீரில், வைரஸ் புகுந்த உயிர்கள் பெரும்பாலும் மடியவில்லை. வைரஸைத் தம்முள்ளே சுமந்துகொண்டே வாழ்ந்து பெருகின. உப்பு 17.5 விழுக்காடாகக் குறைந்த நீரிலோ வைரஸ் கொலைத் தொழிலில் இறங்கியது. உயிர்கள் வெடித்து மடிந்தன. ஜமெய்க்காவின் வைரஸ் ஒன்றை ஆராய்ந்த டானியல்ஸ், வைஸ் என்னும் இருவரும் 1990-இல் இதே போக்கைக் கண்டனர். உப்பு நிறைந்த நிலையை நெருங்க நெருங்க வைரஸின் வேகம் தணிகிறது. நீர் கலந்து உப்புக் குறையும்போது அதன் வேகம் மிகுகிறது.

இதன் பொருள் யாது? உப்புப் பாத்தியின் ஆண்டு வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். கோடையில் நீர் வற்றி உப்பு நிறைகிறது. அதுவே ஆர்க்கியாக்களின் பொற்காலம். அப்போது வைரஸ் அடங்கிக் கிடக்கிறது. தன்னைத் தாங்கும் வீடு செழித்திருக்கும்போது அதை இடிப்பதால் அதற்கு ஆதாயமில்லை. பின்னர் மழை பெய்கிறது. தூத்துக்குடியில் ஐப்பசி அடைமழை தொடங்கியதும் உப்பளம் ஓய்கிறது. கட்ச் ரண்ணில் தென்மேற்குப் பருவமழை வந்ததும் பாத்திகள் நீரில் மூழ்க, அகரியா மக்கள் ஊர் திரும்புகின்றனர். மழைநீர் கலந்ததும் ஆர்க்கியாக்களின் முடிவு நெருங்குகிறது. எப்படியும் விழப்போகும் வீடு என்ற நிலை வந்ததும், வைரஸ் அதனுள் இருக்கும் சரக்கையெல்லாம் விரைந்து பயன்படுத்தித் தன் படிகளைப் பெருக்கி வெளியேறிவிடுகிறது. வைரஸுக்கு அறிவோ திட்டமோ கிடையாது. காலத்திற்கேற்ப நடந்துகொண்டவை நிலைத்தன. அல்லாதவை வீட்டோடு அழிந்தன. நெடுங்காலத் தேர்வு இத்தகைய ஒழுங்கை உண்டாக்கியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

எலுமிச்சை வடிவம் முதல் குமிழி வரை

வடிவத்திலும் இவ்வைரஸ்கள் பலதிறப்பட்டவை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். இவ்வைரஸ்கள் பெரும்பாலும் சில பத்து நானோமீட்டர் அளவினவே. எலக்ட்ரான் நுண்நோக்கி இன்றி இவற்றைக் காண இயலாது.

தலையும் வாலும் கொண்டவை ஒரு வகை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து உப்பளம் ஒன்றிலிருந்து டயல்-ஸ்மித் குழுவினர் 1993-இல் இத்தகைய இரண்டை வெளியிட்டனர். அதே மாநிலத்தில் அவர்கள் 1998-இல் அறிவித்தது, இருமுனையும் கூம்பிய எலுமிச்சங்காய் வடிவமானது. மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு அருகில் ராட்னெஸ்ட் தீவிலுள்ள உப்பு ஏரியிலிருந்து கிடைத்த வேறொன்று உருண்டை வடிவினது. அதன் புரத உறைக்குள்ளே கொழுப்பாலான மற்றோர் உறையும் உண்டு.

2009-ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக் கழகத்தார் அறிவித்தது இன்னும் வியப்பானது. இத்தாலியின் சிசிலித் தீவில் டிராபானி உப்பளத்திலிருந்து கிடைத்த அவ்வைரஸ், திட்டமான வடிவமற்ற சிறு குமிழி போன்றது. அதுவரை அறியப்பட்ட ஆர்க்கியா வைரஸ்கள் யாவும் இரட்டை இழை டி.என்.ஏ. உடையவை, இதுவோ ஒற்றை இழை உடையது. தான் தங்கிய உயிரின் மெல்லுறையிலிருந்தே தனக்கு உறை செய்துகொண்டு, அவ்வுயிரைக் கொல்லாமல் வெளியேறுகிறது. வீட்டுக்காரரின் வளர்ச்சி சற்றுத் தளருவதே அதனால் வரும் இழப்பு.

தலையும் வாலும் கொண்ட வகையிலும் ஆழ்ந்த ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. உப்பு நீர் ஆர்க்கியாவின் அத்தகைய வைரஸ் ஒன்றின் உறையமைப்பை 2013-இல் நுட்பமாக ஆராய்ந்தபோது, அதன் உறைப் புரதம் மடிந்திருக்கும் விதம் பாக்டீரியாவின் வைரஸ்களிலும், மனிதருக்கு அக்கி உண்டாக்கும் ஹெர்பிஸ் இன வைரஸ்களிலும் காணப்படும் அதே விதமே என்று புலனாயிற்று. உயிர்க்குலங்கள் மூன்றிலும் ஒரே கட்டட முறை காணப்படுகிறது. அக்குலங்கள் பிரிந்து செல்வதற்கு முன்பே இவ்வைரஸ்களின் முன்னோர் இருந்திருக்க வேண்டும் என்பது அறிஞர் பலரின் துணிபு.

வைரஸ்கள் எவ்வாறு தோன்றின என்ற கேள்விக்கும் உப்பு ஏரிகள் குறிப்புத் தருகின்றன. அண்டார்க்டிகாவின் உப்பு ஏரிகளில், உப்பு மிகுதியால் உறைந்து போகாத குளிர்ந்த நீரில், சில ஆர்க்கியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் ஒன்றிலிருந்த வட்ட வடிவான டி.என்.ஏ. துண்டு ஒன்று, தன்னைச் சிறு கொழுப்புக் குமிழியில் பொதிந்துகொண்டு வெளியேறி, வேறு உயிர்களுள் புகுவதை 2017-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அது முழு வைரஸும் அன்று. ஆனால் வைரஸின் வேலையில் பாதியைச் செய்கிறது. வைரஸ்களின் தோற்றத்தில் ஒரு படியை இது நமக்குக் காட்டக்கூடும்.

எண்ணிக்கையும் பயனும்

நீரில் உப்பு ஏற ஏற, நுண்ணுயிரை உண்ணும் பெரிய உயிர்கள் ஒவ்வொன்றாக விலகுகின்றன. உப்பு 25 விழுக்காட்டைத் தாண்டினால் நுண்ணுயிரை மேயும் ஓரணு விலங்குகள்கூட ஏறக்குறைய இல்லாமற் போகின்றன. அங்கு ஆர்க்கியாவிற்கு மிஞ்சும் பகைவன் வைரஸ் ஒன்றே. ஸ்பெயின் நாட்டு உப்பளங்களில் 1996-இல் வெளியான ஆய்வு, உப்பு மிகுந்த பாத்திகளில் ஒரு மில்லிலிட்டர் நீரில் நூறு கோடி வரை வைரஸ்கள் உள்ளன என்று காட்டிற்று. ஒரு தேக்கரண்டி நீரில் அடங்கும் வைரஸ்களின் தொகை நம் பாரத நாட்டு மக்கள் தொகையை விஞ்சும்.

சாக்கடலில் 1991-92 குளிர்காலத்தில் பெருமழை பெய்து மேற்பரப்பு நீரின் உப்புச் சற்றுத் தணிந்தது. சிறு பாசிகள் பெருகின. அவற்றைத் தொடர்ந்து ஆர்க்கியாக்கள் பெருகி 1992-இல் நீரைச் சிவப்பாக்கின. பின்னர் அவை குறையத் தொடங்கிய 1994-ஆம் ஆண்டில் ஓரன் முதலிய ஆராய்ச்சியாளர் நீரை எடுத்து நோக்கியபோது, மில்லிலிட்டருக்குக் கோடிக்கணக்கில் வைரஸ் போன்ற துகள்கள் தென்பட்டன. பெருகிய உயிர் தணிவதில் வைரஸுக்கும் பங்கிருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினர்.

கொல்வது மட்டுமே வைரஸின் தொழில் என்று எண்ணிவிடலாகாது. மடிந்த உயிரிலிருந்து வெளிவரும் சத்துக்கள் மற்ற உயிர்களுக்கு உணவாகின்றன. ஓர் இனம் மட்டும் பெருகி ஏனையவற்றை ஒதுக்கிவிடாதபடி வைரஸ் தடுக்கிறது. ஓர் உயிரின் பரம்பரைக் கூறுகளை மற்றோர் உயிருக்கு எடுத்துச் செல்லும் தபால்காரராகவும் அது விளங்குகிறது.

ஹெல்சிங்கி ஆராய்ச்சியாளர் ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள ஒன்பது உப்பு நீர்நிலைகளிலிருந்து 61 ஆர்க்கியாக்களையும், 24 பாக்டீரியாக்களையும், 49 வைரஸ்களையும் தனியே பிரித்தெடுத்து, எந்த வைரஸ் எவ்வுயிரைத் தாக்குகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்து 2012-இல் முடிவை வெளியிட்டனர். ஓரிடத்து வைரஸ் தன்னூர் உயிரை மட்டுமன்றி, நெடுந்தொலைவிலுள்ள வேற்றூர் உயிரையும் தாக்க வல்லதாக இருந்தது. உலகெங்கும் சிதறிக் கிடக்கும் உப்பு நீர்நிலைகள், உண்மையில் ஒரே வாழிடம் போல இயங்குகின்றன என்று அவர்கள் முடிவு கட்டினர். பிறந்த மண்ணை விட்டுப் பல திசைகளில் வாழ்ந்தும் உறவு அறாத மக்களாகிய நமக்கு இச்செய்தி எளிதில் விளங்கும்.

உப்பளத்திலிருந்து மருத்துவமனைக்கு

தாக்கப்படும் உயிர் கைகட்டிக் கொண்டிருப்பதில்லை. அதற்கும் தற்காப்பு உண்டு. அத்தற்காப்பின் வரலாறே இப்பொருளில் நமக்குக் கிடைத்த பெரும் பரிசு.

ஸ்பெயின் நாட்டின் அலிகான்தே நகருக்கு அருகில் சாந்த போலா என்னும் ஊரில் உப்பளங்கள் உள்ளன. அங்குக் கிடைத்த ஆர்க்கியா ஒன்றைப் பிரான்சிஸ்கோ மொஹிக்கா என்ற இளம் ஆராய்ச்சி மாணவர் ஆராய்ந்து வந்தார். உப்பின் அளவு மாறும்போது அவ்வுயிரில் என்ன நிகழ்கிறது என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. அதன் டி.என்.ஏ.யில் ஓரிடத்தில், ஒரே சொற்றொடர் சீரான இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருப்பதை அவரும் அவர் ஆசிரியர்களும் கண்டு 1993-இல் வெளியிட்டனர். ஜப்பானில் 1987-ஆம் ஆண்டிலேயே வேறொரு பாக்டீரியாவில் இதைப் போன்றது கண்ணிற்பட்டிருந்தது. ஆனால் எதற்காக இவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்பதை எவரும் அறியார்.

மொஹிக்கா இக்கேள்வியை விடவில்லை. திரும்ப வரும் தொடர்களை விட்டு, அவற்றின் இடையில் உள்ள துண்டுகளை எடுத்து, அறியப்பட்ட டி.என்.ஏ. வரிசைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அத்துண்டுகளுள் பல வைரஸ்களின் துண்டுகளாக இருந்தன! முன்பு தாக்க வந்த வைரஸின் ஒரு துணுக்கை வெட்டி எடுத்துத் தன் ஏட்டில் ஒட்டி வைத்துக்கொள்கிறது அவ்வுயிர். மறுபடி அதே வைரஸ் வந்தால் ஏட்டைப் பார்த்து அடையாளம் கண்டு அதனை வெட்டி அழிக்கிறது. நுண்ணுயிருக்கும் நோயை நினைவில் வைத்துத் தடுக்கும் ஆற்றல் உண்டு என்ற இக்கருத்தைச் சில முன்னணி இதழ்கள் ஏற்க மறுத்தன. இறுதியில் 2005-ஆம் ஆண்டில் அது அச்சேறியது. 2007-இல் தயிர் உறைவிக்கும் பாக்டீரியாவைக் கொண்டு செய்த சோதனை அதனை உறுதிப்படுத்தியது. இவ்வமைப்பிற்கு வழங்கும் பெயரே கிரிஸ்பர் என்பது.

வேண்டிய இடத்தில் டி.என்.ஏ.யை வெட்டும் கத்தரிக்கோலாக இந்தத் தற்காப்பு முறையை மாற்றலாம் என்று 2012-இல் காட்டிய இம்மானுவேல் ஷார்பான்ட்டியே, ஜெனிஃபர் டௌட்னா என்னும் இரு பெண்மணிகளுக்கு 2020-ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு கிடைத்தது. 2023-ஆம் ஆண்டு நவம்பரில் பிரிட்டன், இம்முறையில் அமைந்த சிகிச்சை ஒன்றை முதன்முதலாக அனுமதித்தது. அரிவாள் போல வளைந்த இரத்த அணுக்களால் உண்டாகும் பரம்பரை இரத்தசோகைக்கும், தாலசீமியா என்னும் மற்றோர் இரத்த நோய்க்கும் அது உரியது.

அரிவாளணு இரத்தசோகை நமக்கு அயல்நாட்டு நோயன்று. நம் நாட்டில் இக்குறை 1952-ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நீலகிரி மலைவாழ் மக்களிடையேதான். குஜராத், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், ஒடிசா, சத்தீஸ்கர் முதலிய மாநிலங்களின் பழங்குடி மக்களை அது மிகுதியாக வருத்துகிறது. 2023-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு இந்நோயை ஒழிப்பதற்கென ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. புதிய சிகிச்சைக்கு ஆகும் செலவு சாதாரண மக்களால் எண்ணிப் பார்க்கவும் இயலாத அளவினது. அதனை எளியோர்க்கும் எட்டச் செய்வதே இனிச் செய்ய வேண்டிய பெரும் பணியாகும். அதுவரையில், முன்கூட்டியே இரத்தத்தைச் சோதித்து நோயை அறிந்துகொள்வதும், கிடைக்கும் மருந்துகளைத் தவறாது பெறுவதுமே கைகண்ட வழி.

அஞ்ச வேண்டுமா?

வைரஸ் என்ற சொல்லைக் கேட்டாலே இன்று மக்கள் அஞ்சுகின்றனர். நாம் உண்ணும் உப்பிலும் கருவாட்டிலும் இத்தகைய உயிர்களோ வைரஸ்களோ இருந்தால் தீங்கு உண்டாகாதா என்று இல்லத்தரசியர் கேட்கலாம். அஞ்ச வேண்டுவதில்லை. ஒவ்வொரு வைரஸும் தனக்குரிய பூட்டை மட்டுமே திறக்கவல்ல சாவியைப் போன்றது. ஆர்க்கியாவின் மேற்பரப்பில் பற்றிக்கொள்ளும் வைரஸுக்கு மனித உடலணுவில் பற்றுக்கோடு இல்லை. ஆர்க்கியாவின் வைரஸ் எதுவும் மனிதரைத் தாக்கியதாக அறியப்படவில்லை. உப்பு விரும்பும் உயிர்களுள் பெரும்பாலானவை உப்புக் குறைந்த நம் உடலில் வாழ இயலாதவை. சிவந்த கருவாட்டை விலக்க வேண்டியது அது கெட்டுப்போனது என்பதற்காகவேயன்றி, வைரஸுக்கு அஞ்சியன்று.

உப்புப் பாத்தியில் உழைப்பவர்க்கு மெய்யான தீங்கு வேறு. வெண்ணிற உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது. உவர்நீர் காலை அரிக்கிறது. உலகுக்குச் சுவை தரும் அவர்களுக்குக் கண்ணாடியும் காலுறையும் நல்ல குடிநீரும் கிடைக்கச் செய்வது நம் கடமை.

உப்பு நீரில் உயிரில்லை என்று எண்ணியிருந்தோம், உயிரைக் கண்டோம். அவ்வுயிரைப் பாக்டீரியா என்று எண்ணியிருந்தோம். தனிக்குலம் என்று தெளிந்தோம். பயனற்றதென்று தோன்றிய சிறு கேள்வி ஒன்றை ஒரு மாணவர் பற்றிக்கொண்டு பல ஆண்டு உழைத்ததன் பயனாக, தீராத நோய்க்கு ஒரு வழி பிறந்தது. அடுத்த முறை ரயிலில் செல்லும்போது பாதையோரத்து உப்பளத்தில் நீர் சிவந்து தோன்றினால், அருகிலிருக்கும் குழந்தைகளுக்கு அதனைச் சுட்டிக் காட்டுங்கள். அச்சிவப்பில் கோடானுகோடி உயிர்கள் வாழ்கின்றன என்றும், அவற்றோடு அவற்றின் பகைவர்களும் மழையை எதிர்நோக்கி இருக்கின்றனர் என்றும் சொல்லுங்கள். ஏன், எப்படி என்று அக்குழந்தைகள் கேட்கத் தொடங்கினால், விஞ்ஞானக் கல்வியின் முதற்பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது எனலாம்.